பொடி அந்துப்பூச்சிக்குப் புதுப்பெயர்: எந்தச் சான்றை நம்பலாம், எங்கே வெளியிடலாம்?

மேற்குத் தொடர்ச்சி மலையில் ஓர் அந்துப்பூச்சி கிடைத்திருக்கிறது. சிறகை விரித்தால் ஐந்தாறு மில்லிமீட்டர்தான் வரும், எந்தப் பட்டியலோடும் பொருந்தவில்லை. புதிய சிற்றினமாக இருக்கலாம். அதே அளவுக்கு, நூறு வருடத்துக்கு முன் லண்டனுக்குப் போன ஒரு மாதிரியை வைத்து அதற்கு ஏற்கெனவே பெயர் சூட்டி, அப்புறம் யாரும் திரும்பிப் பார்க்காமல் விட்டிருக்கவும் வாய்ப்பு உண்டு.

இந்த இரண்டாவது சாத்தியத்தை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் உள்ள நுண் அந்துப்பூச்சிகளில் மிகப் பலவற்றுக்குப் பெயர் வைத்தவர் எட்வர்ட் மெய்ரிக் (1854–1938). இங்கிலாந்தில் பள்ளி ஆசிரியராக இருந்துகொண்டே உலகம் முழுவதிலிருந்தும் வந்த மாதிரிகளைப் பார்த்து 14,000-க்கும் மேற்பட்ட சிற்றினங்களை விவரித்தார். பழனி மலை, குடகு, இலங்கையின் மஸ்கெலியா ஆகிய இடப்பெயர்கள் அவர் எழுத்தில் அடிக்கடி வரும். சிறகின் நிறம், நரம்பமைப்பு, தலையின் உறுப்புகள் ஆகியவற்றைத்தான் அவர் எழுதினார். வயிற்றை அறுத்து இனப்பெருக்க உறுப்பைப் பார்க்கும் பழக்கம் அவருக்கு இல்லை. இன்று இரு சிற்றினங்களைப் பிரிக்க நாம் நம்பும் அடையாளமே அந்த உறுப்புதான். ஆகவே அவர் எழுதியதை வாசித்து மட்டும் "இது அது இல்லை" என்று சொல்லிவிட முடியாது.

விவரிப்பவர் எடுக்க வேண்டிய முடிவுகள் பல. அவற்றில் இரண்டைப் பிறகு திருத்தவே முடியாது: மாதிரியை எப்படிச் சேகரித்தோம் என்பதும், அதன் வயிற்றுப் பகுதியை என்ன செய்தோம் என்பதும். பேரினத்தை மாற்றலாம், இதழை மாற்றலாம். வயிறு ஒன்றுதான் இருக்கிறது.

விளக்கா, இலையா?

விளக்கு வைத்துப் பிடிப்பது சுலபம். 12 வோல்ட் பேட்டரியில் ஓடும் புற ஊதா எல்இடி, வெள்ளைத் துணி, சின்னக் குப்பிகள் இருந்தால் போதும். 160 வாட் பாதரச ஆவி விளக்கு இன்னும் தூரத்திலிருந்து பூச்சியை இழுக்கும், ஆனால் அதற்கு ஜெனரேட்டர் சுமக்க வேண்டும். ஒரே இரவில் பல குடும்பத்துப் பூச்சிகள் வந்து உட்காரும். வந்தது எந்தச் செடியில் வளர்ந்தது, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெண் இதே சிற்றினம்தானா என்பதெல்லாம் தெரியாது. பெரிய பூச்சிகளோடு ஒரே கொல்குப்பியில் போட்டால் செதில் உதிர்ந்து வெறும் சவ்வுதான் மிஞ்சும். பொடிப் பூச்சிக்குத் தனித்தனிக் குப்பி கட்டாயம்.

நெப்டிகுலிடே, கிராசிலாரிடே போன்ற இலைத்துளைப்பான் குடும்பங்கள் என்றால் இலையிலிருந்து வளர்த்தெடுப்பதே மேல். இலையின் இரு தோலுக்கும் நடுவே புழு தின்று போன தடமே ஒரு சான்று: அது கோடாகப் போகிறதா, கொப்புளமாக விரிகிறதா, மேல்தோலை ஒட்டியா கீழ்த்தோலை ஒட்டியா, எச்சம் நடுவே கோடாகக் கிடக்கிறதா சிதறியிருக்கிறதா என்று எல்லாமே வகைப்பாட்டுக்கு உதவும். ஒரே செடியில், ஒரே வகைத் தடத்திலிருந்து ஆணும் பெண்ணும் வெளிவந்தால் இரண்டையும் ஒரு சிற்றினமாகச் சேர்த்து எழுதத் துணிவு வரும்.

இந்த வழிக்குப் பொறுமை வேண்டும், தடங்களையும் நிறையச் சேர்க்க வேண்டும். பாதிக்கு மேல் ஒட்டுண்ணிக் குளவிகளாகவே வெளிவருவது சாதாரணம். டப்பாவில் ஈரம் மிஞ்சினால் பூஞ்சை பிடிக்கும். ஈரம் குறைந்தால் இலை சுருண்டு புழு பட்டினி கிடக்கும். டப்பாவின் அடியில் டிஷ்யூ காகிதம் ஒரு மடிப்பு வைத்து, மூடியில் நீர்த்துளி கட்டினால் உடனே துடைத்து வந்தால் பெரும்பாலும் சமாளிக்கலாம். நெப்டிகுலிடே புழு பொதுவாகத் தடத்தை விட்டு வெளியே வந்து கூடு கட்டும், அதற்கும் அந்த டிஷ்யூ மடிப்பு பயன்படும். எலுமிச்சையில் காணும் ஃபில்லோக்னிஸ்டிஸ் இலை விளிம்பை மடித்து அங்கேயே கூட்டுப்புழுவாகும். அதன் இலையைக் கிள்ளி எறிந்துவிடக் கூடாது.

வெளிவந்த பூச்சியை உடனே கொல்லாதீர்கள். சிறகு இறுகச் சில மணி நேரம் விட்டு, பிறகு உறைபெட்டியில் வையுங்கள். எத்தில் அசிட்டேட் டிஎன்ஏவைச் சிதைக்கும், பார்கோடு (டிஎன்ஏ வரிசை) எடுக்கும் எண்ணம் இருந்தால் அதைத் தொடவே வேண்டாம். வெளியே எடுத்த பொடிப் பூச்சி சீக்கிரம் விறைத்துவிடும், அதனால் மினூட்டன் என்ற மிக நுண்ணிய ஊசியில் குத்திச் சிறகு விரிக்கும் வேலையைக் கையோடு முடித்துவிட வேண்டும். காலி இலைத்தடங்களை அழுத்தி உலர்த்தி, பூச்சியின் எண்ணையே அவற்றுக்கும் போடுங்கள். செடியை அடையாளம் காணப் பூவோ காயோ உள்ள கிளை தேவை. கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் மதிப்பாய்வகத்தின் தென் மண்டல மையத்தில் உள்ள மதராஸ் ஹெர்பேரியத்தோடு (உலர்தாவரச் சேகரிப்பு) ஒப்பிட்டுக்கொள்வது நல்லது. இலையை மட்டும் பார்த்துச் சொன்ன செடிப்பெயர் தவறிப்போனால் கட்டுரையில் பாதி வீண்.

ஜெலிகிடே போன்ற குடும்பங்களில் புழு தண்டுக்குள்ளோ விதைக்குள்ளோ இருக்கும், தேடிக் கண்டுபிடிப்பது கஷ்டம். அங்கே விளக்குதான் கைகொடுக்கும். ஆனாலும் எதிர்பாராத இடத்திலிருந்து வளர்ந்து வருபவை உண்டு. கயானாவிலிருந்து ஞாபகப் பொருளாகக் கொண்டுவந்த மோரா மரக் காய்களிலிருந்து வேல்ஸ் நாட்டின் போர்ட் டால்பட்டில் ஒரு வீட்டுக்குள் வெளிவந்த கண்ணாடிச் சிறகு அந்துப்பூச்சி, 2024-இல் கார்மெண்டா பிராக்கிகிளாடோஸ் என்ற புதிய சிற்றினமாக விவரிக்கப்பட்டது. அது எந்த மரத்தில் வளர்கிறது என்பதும் கூடவே தெரிந்துபோனது.

டிசெக்‌ஷனா, பார்கோடா?

வயிற்றை அறுத்து உறுப்பைப் பார்ப்பதா, டிஎன்ஏவை வாசிப்பதா? இதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். முதலில் டிசெக்‌ஷன்.

சிறகு விரித்த மாதிரியைப் படமெடுத்த பிறகே வயிற்றைத் தொட வேண்டும். நுண்ணிய ஃபோர்செப்ஸால் வயிற்றின் அடியிலிருந்து மேல்நோக்கி மெல்ல அழுத்தினால் மார்போடு சேருமிடத்தில் முறிந்து வரும். அதை 10 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் அறை வெப்பத்திலேயே ஓர் இரவு ஊற விடலாம். அவசரமானால் சுடுநீரில் குழாயை வைத்துச் சில நிமிடம் சூடாக்கலாம். ஆனால் நேரடித் தீயில் காட்டினால் கொதித்துத் துள்ளி, உள்ளே இருப்பது வெளியே தெறித்துவிடும். அப்புறம் மேசையெல்லாம் தேட வேண்டியதுதான். மூன்று நான்கு மில்லிமீட்டர் பூச்சியின் உறுப்பு மெல்லியது, அதிக நேரம் ஊறினால் கண்ணாடிபோல வெளுத்து ஓரங்களே தெரியாது.

பிறகு 30 சதவீத ஆல்கஹாலுக்கு மாற்றி, முடியைக் குட்டையாக வெட்டிய தூரிகையால் செதில்களை ஒதுக்கி, உள்ளிருக்கும் கொழுப்பை மெல்லப் பிதுக்கி எடுக்க வேண்டும். ஆணில் எட்டாம் வளையத்துக்குப் பின்னால் பிரித்து உறுப்பைத் தனியே எடுக்கலாம். பெண்ணில் ஆறாம், ஏழாம் வளையங்களுக்கு இடையே வெட்டுங்கள். ஏழாம் வளையத்தைக் கிழித்துவிட்டால் ஆஸ்டியம் (புணர்ச்சித் துளை) அதனோடு எப்படி ஒட்டியிருந்தது என்பது போய்விடும், பல பேரினங்களில் அதுதான் முக்கிய அடையாளம். பெண்ணின் சவ்வுப் பகுதிகளுக்குக் குளோரசால் பிளாக் சாயம் நன்றாக ஏறும். சில நொடிகள் போதும், மிஞ்சினால் மொத்தமும் கறுத்துவிடும்.

ஆணில் பேலஸை (ஆண்குறிக் குழாய்) தனியே உருவி எடுத்துப் பக்கத்தில் வைக்க வேண்டும். இதைச் செய்யாமல் மொத்தமாக மவுண்ட் செய்தால் (ஸ்லைடில் பதித்தால்) உள்ளேயுள்ள கார்னூட்டி முட்கள் எத்தனை, எந்தப் பக்கம் என்று எண்ண முடியாது. நெருங்கிய சிற்றினங்களைப் பெரும்பாலும் அந்த முட்களே பிரிக்கின்றன. வால்வா எனும் பக்க மடல்கள் இரண்டையும் விரித்து, மேலே கண்ணாடிச் சில்லு வைத்து, 95 சதவீத ஆல்கஹாலில் விட்டால் விரித்த நிலையிலேயே இறுகும்.

உறுப்பைப் பதிக்கும் ஊடகத்துக்கு யூபரால், கனடா பால்சம், கிளிசரின் என மூன்று தெரிவுகள். யூபராலுக்கு ஆல்கஹாலிலிருந்து நேரடியாகப் போகலாம், சைலீன் கரைப்பான் வேண்டாம். நுண் அந்துப்பூச்சிக்கு இதுவே நம் தேர்வு. ஆல்கஹாலில் நீர் மிஞ்சியிருந்தால் மட்டும் ஸ்லைடு மங்கிவிடும். கனடா பால்சம் நூறாண்டு தாங்கும் என்பது நிரூபணமானது, ஆனால் சைலீன் படி கூடுகிறது, காலப்போக்கில் மஞ்சளிக்கிறது. கிளிசரினில் போட்டுக் குறுங்குப்பியில் ஊசியோடு குத்திவைத்தால் உறுப்பைத் திருப்பித் திருப்பிப் பார்க்கலாம், அன்கஸ் என்ற கொக்கியின் பக்கவாட்டு வளைவு போன்றவை இதில்தான் தெரியும். பெரிய பூச்சிக்கு இது சரி. நெப்டிகுலிடே உறுப்பைக் குப்பியிலிருந்து திரும்ப எடுப்பதற்குள் தொலைந்துபோகும். எதுவானாலும் ஸ்லைடு எண்ணை அன்றே பூச்சியின் ஊசியிலும் எழுதிவிடுங்கள். எண் மாறிய ஸ்லைடு, இல்லாத ஸ்லைடைவிடக் கெடுதல்.

அடுத்து பார்கோடு. மைட்டோகாண்ட்ரியாவின் சிஓஐ மரபணுவில் 658 கார இணைகள் கொண்ட ஒரு துண்டை வாசித்து, போல்டு (BOLD) என்ற பார்கோடு தரவுத்தளத்தில் ஒப்பிடுவது இது. ஆண், பெண், புழு எல்லாவற்றையும் சேர்த்துக் கட்ட இதைவிட விரைவான வழி கிடையாது. இலைத்தடத்தில் செத்துக் கிடந்த புழுவைக்கூடப் பூச்சியோடு இணைத்துவிடலாம். ஆனால் இதை வைத்துச் செய்யும் பெரிய பிழை ஒன்று உண்டு. தரவுத்தளத்தில் பொருத்தம் கிடைக்கவில்லை என்பதாலேயே அது புதியது ஆகிவிடாது. மெய்ரிக் பெயரிட்ட தென்னிந்தியச் சிற்றினங்கள் ஏராளமானவற்றுக்கு அங்கே வரிசையே இல்லை. 2 சதவீதத்துக்கு மேல் வேறுபட்டால் தனிச் சிற்றினம் என்பதும் ஒரு கைக்கணக்குதான். அதற்குக் குறைவாக வேறுபடும் தனிச் சிற்றினங்களும் உண்டு, ஒரே சிற்றினத்துக்குள் அதற்கு மேல் விலகுபவையும் உண்டு. வோல்பேக்கியா பாக்டீரியா தொற்றினால் மைட்டோகாண்ட்ரிய வரிசைகள் சிற்றின எல்லையைத் தவறாகக் காட்டவும் கூடும்.

பார்கோடு மட்டும் போதுமா என்ற சண்டை 2021-இல் பெரிதாக வெடித்தது. கோஸ்டாரிகாவின் பிராகோனிட் குளவிகளில் 403 புதிய சிற்றினங்கள் ஒரே கட்டுரையில், பெரும்பாலும் பார்கோடு வரிசையும் ஒரு படமும் மட்டுமே கொண்டு விவரிக்கப்பட்டன. காடு அழியும் வேகத்துக்கு இதுதான் வழி என்பது ஒரு தரப்பு. இதை வைத்து, பார்கோடு எடுக்க முடியாத பழைய மாதிரியை எப்படி அடையாளம் காண்பது என்பது மறுதரப்பு. பழைய பெயர்கள் குவிந்துகிடக்கும் நம் நிலத்துக்கு இரண்டாவது தரப்பின் கேள்வியே பொருந்தும் என்பது நம் கருத்து.

நல்லவேளையாக, இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றில்லை. பெரிய பூச்சியில் ஒரு காலைப் பிய்த்தால் போதிய டிஎன்ஏ கிடைக்கும். நான்கு மில்லிமீட்டர் பூச்சியின் காலில் அது பலமுறை போதாது. அதற்குப் பதில் வயிற்றையே புரதத்தைக் கரைக்கும் புரோட்டீனேஸ் கே நொதிக் கரைசலில் ஊறவைத்தால் தசை கரைந்து டிஎன்ஏ கரைசலுக்கு வந்துவிடும், கைட்டின் உறைகள் அப்படியே மிஞ்சும். அந்த வெற்று வயிற்றை எடுத்து டிசெக்‌ஷன் செய்யலாம். ஒரே வயிற்றிலிருந்து பார்கோடும் ஸ்லைடும் கிடைக்கின்றன. ஆனால் முறையை ஆய்வகத்துக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். சொல்லாவிட்டால் வழக்கம்போல அரைத்துவிடுவார்கள்.

2017-இல் விவரித்த நியோபால்பா டொனால்ட்ட்ரம்பி பெயரால் செய்தியானது. ஆனால் அதில் கவனிக்க வேண்டியது சான்று வரிசை: அருங்காட்சியக மாதிரிகளில் தலையின் வெளிர்மஞ்சள் செதில், ஆண் உறுப்பின் அளவு, பார்கோடு மூன்றும் ஒரே பக்கம் கைகாட்டின. அப்படிப் பொருந்தும்போது யாரும் மறுப்பதில்லை.

ஒரே மாதிரியை வைத்து எழுதலாமா?

விதி தடுக்கவில்லை. சர்வதேச விலங்குப் பெயரிடல் நெறித்தொகுப்பு (நான்காம் பதிப்பு, 2000 ஜனவரி 1 முதல் நடப்பு) கேட்பது: புதியது என்று வெளிப்படையாகச் சொல்வது, வேறுபடுத்தும் பண்புகளை எழுதுவது, ஹோலோடைப்பை (பெயருக்கு ஆதாரமாக நிற்கும் ஒற்றை மூல மாதிரி) குறிப்பிடுவது, அது எந்தச் சேகரிப்பில் இருக்கும் என்று சொல்வது. ஒரு மாதிரி இருந்தால் இவையெல்லாம் நிறைவேறும். கேள்வி, உறுப்பின் வடிவம் ஒரே சிற்றினத்துக்குள் எவ்வளவு மாறும் என்பதை ஒன்றை வைத்துச் சொல்ல முடியுமா என்பதே. ஆண் உறுப்பு துலக்கமாக வேறாக இருந்தால், இடம் அழியும் நிலையில் இருந்தால், ஒற்றை ஆணை வைத்தே எழுதிவிடலாம். ஒற்றைப் பெண் மட்டும் கையில் இருந்தால் காத்திருங்கள். ஆணை வைத்து யாரோ ஏற்கெனவே பெயரிட்ட சிற்றினத்தின் பெண்ணாக அது முடிந்துபோன வழக்குகள் நிறைய.

பேரினம் தெளிவில்லையா? புதுப் பேரினம் எழுப்புவதைவிட, கேள்விக்குறியோடு பழையதில் வைப்பது நல்லது. தக்காளி ஊசிப்புழுவை மெய்ரிக் 1917-இல் ஃப்தோரிமியா என்ற பேரினத்தில் வைத்தார். அது பல பேரினங்களுக்குப் போய், டூடா அப்சொலூட்டா என்ற பெயரில் உலகமெங்கும் பூச்சிக்கொல்லி அட்டைகளில் ஏறி, 2021-இல் மறுபடி ஃப்தோரிமியாவுக்கே வந்தது.

ஹோலோடைப் எங்கே?

லண்டன் அருங்காட்சியகத்தில் மெய்ரிக்கின் மூல மாதிரிகளுக்குப் பக்கத்தில் வைத்தால் ஒப்பிட வசதி என்ற வாதம் ஒருகாலத்தில் எடுபட்டது. இன்று இந்திய மாதிரிக்கு அது தெரிவே இல்லை. உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டம் 2002-இன் 39-ஆம் பிரிவு, புதிய சிற்றினத்தைக் கண்டவர் அறிவிக்கப்பட்ட களஞ்சியத்துக்குத் தெரிவித்துச் சான்று மாதிரியை அங்கே ஒப்படைக்க வேண்டும் என்கிறது. விலங்குகளுக்குக் கொல்கத்தாவில் தலைமையகம் கொண்ட இந்திய விலங்கியல் மதிப்பாய்வகம் அப்படி அறிவிக்கப்பட்டது. மாதிரியை வெளிநாட்டுக்கு அனுப்புவதானால் சென்னையில் உள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் நடைமுறையை முதலில் விசாரியுங்கள். சரணாலயத்திலோ தேசியப் பூங்காவிலோ பிடித்ததென்றால் வனத்துறை அனுமதியும் கையில் இருக்க வேண்டும், பல இதழ்கள் அந்த எண்ணைக் கேட்கின்றன. பாராடைப்களை (ஹோலோடைப்போடு சேர்த்துக் குறிப்பிடும் மற்ற மாதிரிகள்) ஒரே இடத்தில் குவிக்காமல் பல்கலைக்கழகச் சேகரிப்புகளுக்கும் பிரித்துக் கொடுப்பது நல்லது. லண்டனுக்கு மாதிரியை அனுப்பாமலே, அங்குள்ள மூல மாதிரியின் படத்தையும் ஸ்லைடு படத்தையும் கேட்டு எழுதலாம். மெய்ரிக்கின் மூல மாதிரிகளில் பலவற்றின் உறுப்புப் படங்கள் 1955 முதல் 1970 வரை எட்டுத் தொகுதிகளாக ஜே. எஃப். கேட்ஸ் கிளார்க்கின் பட்டியலாக வந்திருக்கின்றன, தேடலை அங்கே தொடங்குங்கள்.

எந்த இதழ்?

ஸூடாக்ஸா (2001 முதல்) கட்டணமின்றி வெளியிடும். திறந்த அணுக்கம் (யாரும் இலவசமாகப் படிக்கும் வசதி) வேண்டுமானால்தான் பணம். ஸூகீஸ் (2008 முதல்) முழுக்கத் திறந்த அணுக்கம், ஆனால் வெளியீட்டுக் கட்டணம் உண்டு. படங்கள் பெரிதாக, தெளிவாக வரும். கோயம்புத்தூரிலிருந்து வரும் ஜர்னல் ஆஃப் திரெட்டண்ட் டாக்ஸா (1999-இல் ஸூஸ் பிரிண்ட் ஜர்னல் என்று தொடங்கியது) யார் வேண்டுமானாலும் படிக்கக் கூடியது. நம் காடுகளைத் தெரிந்த மதிப்பீட்டாளர்கள் கிடைப்பது அதன் பலம். ஒற்றைச் சிற்றின விவரிப்புக்கு, நிதி இல்லாத மாணவருக்கு, ஸூடாக்ஸாவோ கோவை இதழோ போதும். ஒரு பேரினத்தையே திருத்தி, நாற்பது ஐம்பது படங்களோடு எழுதினால் ஸூகீஸுக்குச் செலவழிக்கலாம்.

பேரறியாத மின்னிதழ்களிடம் மட்டும் ஜாக்கிரதை. 2011-க்குப் பின் மின்வடிவில் மட்டும் வெளியாகும் படைப்பு முன்கூட்டியே ஸூபேங்க் என்ற விலங்குப்பெயர்ப் பதிவேட்டில் பதிவாகி, பதிவுச் சான்றும் வெளியீட்டுத் தேதியும் படைப்பிலேயே இருந்தால்தான் அதில் வரும் பெயர் செல்லும். இது விட்டுப்போனால் பெயர் இல்லாததற்குச் சமம், வேறொருவர் அதே பூச்சிக்கு முறையாகப் பெயரிட்டால் அவருடையதே நிற்கும். பத்திரிகைக்குக் கொடுக்கும் செய்திக்குறிப்பையும் இதழ் வெளியான பிறகே அனுப்புங்கள். முந்திக்கொண்டு நாளிதழில் புதுப்பெயர் வந்துவிட்டால், ஹோலோடைப்பும் விவரிப்பும் இல்லாத வெற்றுப்பெயராக அது அச்சில் அலையும். அடுத்து வரும் ஒவ்வொரு பட்டியலிலும் யாராவது ஒருவர் அதற்கு அடிக்குறிப்பு எழுத வேண்டியிருக்கும்.